யூரின்ல புரதம் போகுதா? சாம்பிள் பிடிக்கறதுல இருந்து ரிப்போர்ட் படிக்கற வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க சித்தப்பாவுக்கு சுகர் வந்து பதினோரு வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் குடுத்து கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தற கழிவு, கிட்னி மந்தமானா ரத்தத்துல ஏறும்) பாத்துடுவாரு, ஒவ்வொரு தடவையும் 0.9, 1.0னு வரும், உடனே எனக்கு போன் போட்டு "கிட்னி நல்லா இருக்குடா"ன்னு சொல்லுவாரு. நான் லேப் டெக்னீஷியன், பதினாறு வருஷமா இதே வேலைதான், ஆனா நானும் சரி சித்தப்பான்னு கேட்டுட்டு விட்டுட்டேன், யூரின் பாத்தீங்களான்னு ஒரு தடவகூட கேக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சித்திதான் பேச்சுவாக்குல சொன்னாங்க, பாத்ரூம்ல ரெண்டு மக்கு தண்ணி ஊத்தினாலும் நுரை போக மாட்டேங்குது, சோப்புத் தண்ணி மாதிரியே நிக்குதுன்னு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. மாட்டுப்பொங்கல் அன்னிக்கு காலைல அவரோட முதல் யூரினை வாங்கி ஸ்டிரிப் (புரதம் இருந்தா கலர் மாறற டெஸ்ட் பட்டை) முக்கினேன், மஞ்சளா இருக்க வேண்டிய கட்டம் ஒரு நிமிஷத்துல பச்சையாயி இன்னும் கருத்துச்சு, 3 ப்ளஸ். அடுத்த வாரம் ஏசிஆர் (யூரின்ல அல்புமின்ங்கற புரதம் எவ்ளோ போகுதுன்னு அளக்கற டெஸ்ட்) பாத்தோம், 30க்குள்ள இருக்க வேண்டியது 1140. கிரியாட்டினின் அப்பவும் 1.0தான்!

அதுக்கப்புறம்தான் இத முழுசா எழுதணும்னு தோணுச்சு. வழக்கமா அவர் காட்டற இடத்துல பதினோரு வருஷமா யாரும் இந்த டெஸ்ட்டை எழுதிக் குடுக்கல, வீட்ல லேப்காரன் இருந்தும் கேக்கல. உங்க வீட்ல சுகர், பிபி யாருக்கு இருந்தாலும் இத கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல, ஏன் புரதத்தைத் தேடறோம்

நம்ம ரெண்டு கிட்னியும் சேந்து ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒன்றரை ரெண்டு லிட்டர்தான் யூரினா வெளிய வரும், மிச்சம் எல்லாத்தையும் திரும்ப உறிஞ்சிக்கும். வடிகட்டறது சுமார் பத்து லட்சம் குட்டி குட்டி ரத்தக்குழாய் முடிச்சுங்க, ஒவ்வொரு கிட்னியிலயும். ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 3.5ல இருந்து 5 கிராம் அல்புமின் ஓடிட்டு இருக்கு, அவ்ளோ அல்புமின் அந்த சல்லடை மேல நாள் பூரா ஓடியும் நல்ல கிட்னியில யூரினுக்கு வர்றது நாள் ஒன்னுக்கு 30 மில்லிகிராமுக்கும் கம்மி. எல்லா புரதமும் சேத்தாலும் 150 மில்லிகிராம் தாண்டக் கூடாது, அதுலயும் நிறைய பங்கு கிட்னியே சுரக்கற ஒரு புரதம், ரத்தத்துல இருந்து வந்ததே இல்ல.

சுகரும் பிபியும் பல வருஷம் இருந்தா அந்த சல்லடைதான் முதல்ல கெடும், ஓட்டை பெருசாகி அல்புமின் கசிய ஆரம்பிக்கும். கிரியாட்டினின் அப்போ ஏறாது, ஏன்னா மிச்சம் இருக்கற வடிகட்டிங்க கூடுதலா வேலை செஞ்சு சமாளிச்சிடும், வேலைத்திறன் பாதிக்கு மேல போன பிறகுதான் பல பேருக்கு அந்த நம்பர் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏறும். அதனாலதான் சித்தப்பாவுக்கு 1.0 காட்டிட்டே இருந்துச்சு. கால் வீங்கல, வலியும் இல்ல, எதுவுமே இல்ல.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே சொல்லிடறேன். நம்ம ஊர்ல யூரின்ல அல்புமின் போனா "உப்பு போகுது"ன்னு சொல்லுவாங்க, செக்கப்புக்கு வர்ற கர்ப்பிணிகள்கிட்டகூட உப்பு இருக்கு, இல்லைன்னுதான் சொல்றாங்க. அதே ஆளுங்க ரத்தத்துல யூரியா கிரியாட்டினின் ஏறினாலும் "உப்பு ஏறிடுச்சு"ம்பாங்க. ரெண்டும் வேற வேற, ரெண்டுமே சமையல் உப்பு இல்ல. "உப்பு டெஸ்ட் நார்மல்"னு யாராச்சும் சொன்னா எந்த டெஸ்ட்டுன்னு கேளுங்க, ரத்தமா, யூரினான்னு. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்துல வருஷக்கணக்கா டெஸ்ட் தள்ளிப்போன வீடுகள நான் பாத்திருக்கேன்.

படி 1: யாரு எடுக்கணும், எப்போ எடுக்கக் கூடாது

டைப் 2 சுகர்னா கண்டுபிடிச்ச அன்னிக்கே எடுக்கணும், ஏன்னா அது தெரிய வர்றதுக்கு முன்னாடியே பல வருஷம் உடம்புல இருந்திருக்கும். டைப் 1னா வந்து 5 வருஷத்துக்குப் பிறகு. அப்புறம் ரெண்டு பேரும் வருஷா வருஷம். பிபி இருக்கறவங்க, வீட்ல யாருக்காச்சும் கிட்னி ஃபெயிலியர் ஆனவங்க, எஸ்எல்இ (லூபஸ்) மாதிரி உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பத் தாக்கற நோய் இருக்கறவங்க, காலு முகம் வீங்கறவங்க, மாசக்கணக்குல வலி மாத்திரை போட்டவங்க, எல்லாரும் இந்த லிஸ்ட்ல வருவாங்க. இன்னொன்னு, வெள்ளையாக்கற க்ரீம். கேரளாவுல மலப்புரம் பக்கம் பாதரசம் கலந்த ஃபேர்னஸ் க்ரீம் போட்ட இளவயசுக்காரங்களுக்கு புரதம் கொட்டற கிட்னி நோய் வந்தத 2023 வாக்குல டாக்டர்கள் வெளிய கொண்டு வந்தாங்க. லேபிள் ஒழுங்கா இல்லாத க்ரீம் போடறவங்க டாக்டர்கிட்ட அத வாய்விட்டு சொல்லுங்க.

காய்ச்சல் அடிக்கறப்போ, யூரின்ல இன்ஃபெக்ஷன் இருக்கறப்போ, முந்தின நாள் ஜிம்ல பயங்கரமா வொர்க்கவுட் பண்ணிருந்தா, பீரியட்ஸ் டைம்ல, சுகர் 400னு எகிறி நிக்கறப்போ எடுத்தா கிட்னி நல்லா இருந்தாலும் புரதம் காட்டும். அதெல்லாம் சரியான பிறகு எடுங்க. டீன் ஏஜ் பசங்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு, நின்னுட்டு நடந்துட்டு இருக்கறப்போ புரதம் போகும், படுத்தா நின்னுடும். ராத்திரி தூங்கி எழுந்த உடனே பிடிச்ச யூரின் நார்மல், மத்தியானம் பிடிச்சதுல மட்டும் இருந்தா அதுதான். பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல, ஆனா டாக்டர் பாத்து சொல்லணும்.

படி 2: சாம்பிள் பிடிக்கறது

தப்பு அதிகமா நடக்கறது இங்கதான். காலைல எழுந்த உடனே வர்ற முதல் யூரின்தான் நல்லது, ராத்திரி பூரா சேந்து கெட்டியா இருக்கும், நடமாட்டத்தால ஏறி இறங்கறதும் இருக்காது. முதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றத டப்பாவுல பிடிச்சு, கடைசியையும் விட்டுடணும். பெண்கள் வெறும் தண்ணியால கழுவிட்டு முன்னாடி இருந்து பின்னாடி துடைச்சுட்டு பிடிக்கணும், வெள்ளைப்படுதல் கலந்தாலும் புரதம் காட்டும். ஆன்டிசெப்டிக் போட்டு கழுவாதீங்க, குளோர்ஹெக்சிடின் மாதிரி மருந்து ஒரு சொட்டு பட்டாகூட ஸ்டிரிப் பொய்யா பச்சையாகும்.

லேப்ல குடுக்கற டப்பாதான் வேணும். இருமல் மருந்து பாட்டில், ஹார்லிக்ஸ் மூடி, தண்ணி பாட்டில் எல்லாத்துலயும் எனக்கு கொண்டு வந்து குடுத்திருக்காங்க, உள்ள ஒட்டிட்டு இருக்கற சோப்பும் சர்க்கரையும் ரிசல்ட்டையே மாத்திடும். பிடிச்சு ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்துடுங்க, லேட்டாகும்னா ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வேணாம். டெஸ்ட்டுக்கு முன்னாடி லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சுட்டு வராதீங்க, "யூரின் வரணுமே"ன்னு குடிச்சா சாம்பிள் தண்ணியா இருக்கும், ஸ்டிரிப் நில் காட்டும்.

படி 3: ஸ்டிரிப்

இது ரெண்டு நிமிஷ வேலை. ஸ்டிரிப்ல இருக்கற புரதக் கட்டத்துல ஒரு சாயம் இருக்கு, அமிலத்தோட சேத்து வச்சிருப்பாங்க, புரதம் இல்லன்னா மஞ்சள், அல்புமின் வந்து ஒட்டினா பச்சை, நிறைய இருந்தா நீலப்பச்சை. முக்கி உடனே எடுத்து, ஓரத்த டப்பா விளிம்புல இழுத்து சொட்ட வடிச்சுட்டு, படுக்கையா பிடிச்சு 60 செகண்ட் கழிச்சு நல்ல வெளிச்சத்துல சார்ட்டோட ஒப்பிடணும். செங்குத்தா பிடிச்சா பக்கத்துக் கட்டத்தோட கெமிக்கல் வழிஞ்சு வந்து கலந்துடும். அஞ்சு நிமிஷம் கழிச்சு படிச்சா அது ரிசல்ட்டே இல்ல.

ட்ரேஸ்னா டெசிலிட்டருக்கு 15ல இருந்து 30 மில்லிகிராம், 1 ப்ளஸ் 30, 2 ப்ளஸ் 100, 3 ப்ளஸ் 300, 4 ப்ளஸ்னா ஆயிரத்துக்கும் மேல, தோராயமா. ஸ்டிரிப் சொல்றது அடர்த்திய மட்டும்தான், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்ளோ போகுதுன்னு அதுக்குத் தெரியாது. கெட்டி யூரின்ல 1 ப்ளஸ் ஒன்னுமில்லாம போகலாம், தண்ணி மாதிரி யூரின்ல ட்ரேஸே பெரிய விஷயமா இருக்கலாம். அதனால பக்கத்துல ஸ்பெசிஃபிக் கிராவிட்டி என்னன்னும் பாருங்க, 1.005 மாதிரி இருந்தா தண்ணி யூரின், 1.030 பக்கம்னா கெட்டி. பிஹெச் 8 தாண்டி இருந்தாலும் ஸ்டிரிப் பொய் சொல்லும்.

முக்கியமான ஓட்டை என்னன்னா ஆரம்பக் கசிவு ஸ்டிரிப்புக்குத் தெரியவே தெரியாது. அதனால சுகர் பேஷன்ட்டுக்கு "யூரின் ரொட்டீன்ல அல்புமின் நில்"னு வந்துச்சுன்னா அது பாதி பதில்தான்.

படி 4: சுட வச்சுப் பாக்கறதும் ஆசிட் விடறதும்

இப்போ பெரிய லேப்ல யாரும் செய்யறதில்ல, ஆனா எனக்கு இன்னிக்கும் ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது. டெஸ்ட் ட்யூப்ல முக்கால்வாசி யூரின் எடுத்து, அடிப்பக்கம் பிடிச்சு சாய்ச்சு, மேல்பகுதிய மட்டும் தீயில காட்டணும். கொதி வர்றப்போ மேல பால் கலந்த மாதிரி வெண்மையா திரளும், கீழ தெளிவாவே இருக்கும், ஒரே ட்யூப்லயே ஒப்பிட்டுப் பாத்துக்கலாம். திரண்டதெல்லாம் புரதம் இல்ல, பாஸ்பேட்டும் அப்படித் திரளும், அதனால அசிட்டிக் ஆசிட் சில சொட்டு விடணும். பாஸ்பேட்னா சட்டுனு கரைஞ்சு தெளிஞ்சிடும், புரதம்னா அப்படியே நிக்கும். முட்டை வெள்ளைக்கரு வேகற மாதிரிதான், அதுவும் அல்புமின் வகைதானே.

இதுக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கு. லண்டன் கைஸ் ஹாஸ்பிட்டல்ல ரிச்சர்ட் ப்ரைட்னு ஒரு டாக்டர், உடம்பு வீங்கி வர்றவங்களோட யூரினை ஒரு ஸ்பூன்ல எடுத்து மெழுகுவத்தி மேல காட்டிப் பாத்தாரு, இறந்தவங்க உடம்ப அறுத்துப் பாத்து கிட்னி கெட்டிருக்கறதையும் சேத்து 1827ல எழுதினாரு, புரதத்தையும் கிட்னியையும் தெளிவா முடிச்சுப் போட்டது அவர்தான்.

சல்போசாலிசிலிக் ஆசிட் டெஸ்ட் இன்னும் சுலபம், தீ வேணாம். தெளிஞ்ச யூரின்ல அந்த ஆசிட்ட விட்டா புரதம் கலங்கி நிக்கும். ட்யூபுக்குப் பின்னாடி அச்சடிச்ச பேப்பர வச்சுப் பாப்போம், கலங்கலா இருந்தும் எழுத்து படிக்க முடிஞ்சா 1 ப்ளஸ், எழுத்து தெரியாம தடிச்ச கோடு மட்டும் தெரிஞ்சா 2 ப்ளஸ், தயிர் திரிஞ்ச மாதிரி திப்பி திப்பியா வந்தா 3 ப்ளஸோ அதுக்கு மேலயோ. இதோட பெருமை என்னன்னா அல்புமின் மட்டும் இல்ல, எல்லா வகை புரதத்தையும் பிடிக்கும். விலையும் ரொம்பக் கம்மி. சென்னையில டாக்டர் எம்.கே. மணி ஆரம்பிச்ச கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், கிராமத்துப் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து வீடு வீடா போயி இந்த ஆசிட்ட வச்சு யூரினும், கூடவே பிபியும் பாக்க வச்சாங்க, மலிவான மாத்திரைங்கள வச்சே சுகரையும் பிபியையும் அடக்கினாங்க. பெரிய மெஷின் எதுவும் இல்லாம ஊரு முழுக்க பாக்க முடியும்னு காட்டின வேலை அது, அத நினைச்சா எனக்கு இன்னிக்கும் மரியாதையா இருக்கு.

படி 5: ஏசிஆர், பிசிஆர்

நீங்க கேட்டு வாங்க வேண்டிய டெஸ்ட் இதுதான். ஸ்பாட் யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ, சுருக்கமா ஏசிஆர். சில லேப் பில்லுல மைக்ரோ அல்புமின்னு போடுவாங்க, வெறும் மைக்ரோ அல்புமின் போதாது, ரேஷியோ வேணும்னு சொல்லுங்க.

எதுக்கு கிரியாட்டினினால வகுக்கறோம்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. காலைல யூரின்ல அல்புமின் லிட்டருக்கு 90 மில்லிகிராம், கிரியாட்டினின் லிட்டருக்கு 1 கிராம், ரேஷியோ 90. அதே ஆள் தண்ணி நிறைய குடிச்சு யூரின் மூணு மடங்கு தண்ணியாச்சுன்னா அல்புமின் 30 ஆயிடும், கிரியாட்டினினும் மூணுல ஒரு பங்காயிடும், வகுத்தா திரும்ப 90தான். ஸ்டிரிப்புக்கு இந்த ரெண்டு சாம்பிளுமே நில்லுதான், ஏன்னா அது கண்ணு திறக்கறதே லிட்டருக்கு 150 தாண்டினப்புறம்.

ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு கீழ இருந்தா ஏ1, 30ல இருந்து 300 வரைக்கும் ஏ2, 300க்கு மேல ஏ3. லண்டன்ல இருக்கற சொந்தக்காரங்க 3, 30னு நம்பர் சொன்னா பதறாதீங்க, அங்க மில்லிமோலுக்குக் கணக்கு, அந்த 3 நம்ம 30க்கு சமம், அந்த 30 நம்ம 300க்கு சமம். பிசிஆர்னா மொத்த புரதம், 150க்கு கீழ நார்மல், 500க்கு மேல அதிகம், கொரோனாவுக்கு எடுத்த பிசிஆர் வேற இது வேற. ஒரு நாளைக்கு சுமார் ஒரு கிராம் கிரியாட்டினின் போறதால பிசிஆர் 2000ன்னு வந்தா ஒரு நாளைக்கு ரெண்டு கிராம் புரதம் போகுதுன்னு குத்துமதிப்பா எடுத்துக்கலாம். ஆனா சதையே இல்லாத வயசான பாட்டிக்கு கிரியாட்டினின் கம்மியா போறதால ரேஷியோ கூட்டிக் காட்டும், கட்டுமஸ்தான ஆளுக்கு குறைச்சுக் காட்டும்.

ஒரே ரிசல்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க. அல்புமின் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவ எடுத்து அதுல ரெண்டு தடவையாச்சும் 30 தாண்டினாதான் நிலையா கசியுதுன்னு அர்த்தம். நாள்பட்ட கிட்னி நோய்னு பேர் வைக்கறதுக்கும் மூணு மாசமாவது நீடிக்கணும். ஆனா 3 ப்ளஸ், வீக்கம், யூரின்ல ரத்தம், பிபி எகிறல்னு சேந்து வந்தா மூணு மாசம் காத்திருக்காதீங்க, அந்த வாரமே கிட்னி ஸ்பெஷலிஸ்ட்டான நெஃப்ராலஜிஸ்ட்டப் பாருங்க.

படி 6: 24 மணி நேர யூரின்

இப்போ எல்லாருக்கும் தேவையில்ல, டாக்டர் கேட்டா மட்டும். காலைல 6 மணிக்கு எழுந்து முதல் யூரினை டாய்லெட்லயே விட்டுடணும், அத பிடிக்கக் கூடாது, அந்த நேரத்த எழுதி வச்சுக்கணும். அதுக்கப்புறம் பகல், ராத்திரி, மோஷன் போறப்போ வர்றது, எல்லாம் கேனுக்குள்ள. மறுநாள் காலை அதே 6 மணிக்கு எழுந்து போற யூரினையும் கேன்ல சேத்தா முடிஞ்சுது. முதல் நாள் முதல் யூரினையும் சேத்துப் பிடிக்கறதுதான் நான் வாரா வாரம் பாக்கற தப்பு, அப்போ 30 மணி நேர யூரின் ஆயிடும்.

முழுசா பிடிச்சாங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கிரியாட்டினின் காட்டிக் குடுத்துடும். ஒரு நாளைக்கு ஆம்பளைக்கு உடம்பு எடை கிலோவுக்கு 20ல இருந்து 25 மில்லிகிராம், பொம்பளைக்கு 15ல இருந்து 20 போகும். 60 கிலோ ஆளுக்கு 1200க்கு மேல வரணும், 700தான் வந்துச்சுன்னா பாதிய எங்கயோ விட்டுட்டாரு, ஆபீஸ்லயோ பஸ் ஸ்டாண்ட்லயோ. லீவ் நாள்ல பிடிங்க. ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல புரதம் போயி, ரத்தத்துல அல்புமின் குறைஞ்சு, உடம்பு வீங்கி, கொழுப்பும் ஏறினா அது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்.

படி 7: எந்த புரதம்?

ஸ்டிரிப் நில், ஆனா பிசிஆர் ரொம்ப அதிகம், இல்ல சல்போசாலிசிலிக்ல 3 ப்ளஸ். இப்படி முரண்பட்டா அல்புமின் இல்லாத வேற புரதம் போகுதுன்னு அர்த்தம். அறுபது வயசுக்காரருக்கு முதுகு எலும்பு வலி, ரத்தசோகை, கூடவே இதுவும்னா மைலோமா இருக்கான்னு பாக்கணும், எலும்பு மஜ்ஜை கேன்சர் அது, அதுல லைட் செயின்னு ஒரு புரதம் யூரின்ல கொட்டும். சுட வச்சா 40ல இருந்து 60 டிகிரிக்குள்ள திரண்டு, கொதிக்கறப்போ திரும்பக் கரைஞ்சிடற விசித்திரமான புரதம், 1840கள்ல ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் விவரிச்சது. இப்போ எலக்ட்ரோஃபொரசிஸ், இம்யூனோஃபிக்ஸேஷன், ரத்தத்துல ஃப்ரீ லைட் செயின்னு பாக்கறாங்க. ரேஷியோவும் ஸ்டிரிப்பும் ஒத்துப் போகலன்னா லேப் மிஸ்டேக்னு தூக்கிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

சல்லடை நல்லா இருந்து, வடிகட்டினத திரும்ப உறிஞ்சற கிட்னிக் குழாய் கெட்டாலும் சின்ன புரதங்க கசியும், பீட்டா 2 மைக்ரோகுளோபுலின் மாதிரி. இலங்கையில வட மத்திய மாகாணத்துல, அனுராதபுரம் பொலன்னறுவை பக்கம் விவசாயிங்களுக்கு 1990கள்ல இருந்து பரவலா தெரிய வந்த காரணம் தெரியாத கிட்னி நோய் அந்த ரகம், அதுல அல்புமின் கொஞ்சமாத்தான் போகும். அதனால யூரின் நார்மல்னு ரத்த டெஸ்ட்ட விட்டுடவும் கூடாது, ரெண்டும் சேத்துதான்.

படி 8: ரிப்போர்ட்ட சேத்துப் படிங்க

ஒரு பேப்பர்ல மூணு விஷயம் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க: ஏசிஆர், இஜிஎஃப்ஆர் (ரத்தத்துல இருக்கற கிரியாட்டினினை வச்சு கிட்னி வடிகட்டற வேகத்தக் கணக்குப் போடற நம்பர்), பிபி. இஜிஎஃப்ஆர் 90க்கு மேல இருந்தாலும் ஏசிஆர் 300 தாண்டிருந்தா கிட்னி நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது, எங்க சித்தப்பா கதை அதுதான். கூடவே மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட்ல சிவப்பணு, காஸ்ட் (கிட்னிக் குழாய்ல உறைஞ்சு வர்ற உருளை வடிவத் துணுக்கு)னு எதாச்சும் போட்டிருக்கான்னு பாருங்க, சிவப்பணு காஸ்ட் இருந்தா சல்லடையிலயே அழற்சி, அவசரம். சுகர்காரருக்கு புரதம் போனா எல்லாமே சுகராலன்னும் முடிவு பண்ணக் கூடாது, சுகர் வந்து கொஞ்ச நாள்தான், கண்ணுல விழித்திரை பாதிப்பு இல்ல, ஆனா புரதம் திடீர்னு கொட்டுதுன்னா டாக்டர் பயாப்சி (ஊசியால கிட்னியில துளி சதை எடுத்துப் பாக்கறது) சொல்லலாம், அதுக்குப் பயந்து ஓடாதீங்க.

குழந்தைங்களுக்கு முகம் கண்ணு வீங்கி நெஃப்ராட்டிக்னு சொல்லிட்டா வீட்லயே காலைல யூரின் பாத்து நோட்டுல எழுதணும். தொடர்ந்து மூணு நாள் 3 ப்ளஸ் வந்தா நோய் திரும்புது, மூணு நாள் நில் இல்ல ட்ரேஸ் வந்தா அடங்கிடுச்சு. கலர் சரியா தெரியலன்னா அம்மா அப்பா ரெண்டு பேரும் தனித்தனியா பாத்து சொல்லுங்க. கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90 தொட்டு, கூட புரதமும் வந்தா, அது ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் தாண்டினா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. தலைவலி, கண்ணு மங்கறது, மேல் வயித்து வலி இருந்தா ராத்திரி ஆனாலும் கிளம்புங்க.

கண்டுபிடிச்சப்புறம்

புரதம் வெளிய போகுதேன்னு புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுக்கறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அது சல்லடைக்கு இன்னும் சுமை. சாதாரணமா உடம்பு எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம்ங்கற கணக்குல டாக்டர் சொல்லுவாரு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன் அளவு, அப்பளம் ஊறுகாய் கருவாடு எல்லாம் அதுக்குள்ளயே கணக்கு. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் மாதிரி மாத்திரைங்க பிபிய மட்டும் இல்ல கசிவையும் குறைக்கும், இப்போ டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசினும் சேக்கறாங்க. ஆரம்பிச்ச சில வாரத்துல கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாக்கணும், கிரியாட்டினின் 30 சதவீதம் வரைக்கும் ஏறினா டாக்டர்கள் பொறுத்துப் பாப்பாங்க, நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. சார்டன், ப்ரில் வகை மாத்திரை கர்ப்பத்துல கூடாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடறத விட்டுடுங்க.

சித்தப்பாவுக்கு டெல்மிசார்டனும் டாபாகிளிஃப்ளோசினும் ஆரம்பிச்சு, ஊறுகாய் பாட்டில சித்தி மேல் ஷெல்ஃபுக்கு ஏத்தி, ஒன்றரை வருஷம் ஆச்சு. 1140ல இருந்து 620, 410, கடைசியா 290. கிரியாட்டினின் 1.1. எல்லாத்தையும் சமையக்கட்டு காலண்டர்ல பேனாவால எழுதி வச்சிருக்காங்க, அடுத்த டெஸ்ட் ஆவணி முதல் வாரம், டப்பாவ இப்பவே என்கிட்ட இருந்து வாங்கி வச்சுட்டாங்க.